கால் கழுவிய தண்ணீர்

இது நடந்தது. கண்ணால் பார்த்தேன், கையாலும் தொட்டேன். பாதிரியாரிடம் சொன்னேன், சின்ன வயதுக் காய்ச்சல் என்றார். என் கணவரிடம் சொன்னேன், புகை மூட்டத்தில் என்னத்தையோ பார்த்திருப்பாய் என்றார். பார்த்ததை வேண்டுமானால் புகை என்று சொல்லலாம். தொட்டதை என்னவென்று சொல்வது? சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

1890, டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. செம்புச் சுரங்க நகரமான பியூட். எனக்கு ஒன்பது வயது.

நான் வளர்ந்தது லோனி வீட்டில். பார்ட் லோனி, அவர் மனைவி ஹனோரா, பதினோரு பிள்ளைகள். நான் பன்னிரண்டாவது. அவர்கள் அயர்லாந்துக்காரர்கள். நான் பிறப்பால் கார்ன்வால்காரி. அந்த ஊரில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது, சனிக்கிழமை தோறும் மண்டை உடையும். ஆனாலும் எனக்கு இரண்டு வயதில் என்னைப் பெற்றவள் காய்ச்சலில் செத்தபோது, கைக்குழந்தையோடு இருந்த ஹனோராதான் ஒரு வார்த்தை பேசாமல் என்னையும் தூக்கி வந்தாள். நான் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

என் அப்பா? அவர் அதற்கு ஒரு வாரம் முன்பு சுரங்க வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வேலையை விட்டு நெவாடா பக்கம் போய்விட்டார் என்று சுரங்கத்தில் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடியவர். எனக்கு அவர் முகம் தெரியாது. தெரிந்திருந்தால் அதில் காறித் துப்பியிருப்பேன்.

லோனி வீட்டில் ஏழு ஆண்கள் இரவு வேலைக்குப் போனார்கள். பார்ட்டும் ஆறு மகன்களும். காலை எட்டு மணிக்கு வந்து கால் கழுவுவார்கள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். முதலில் பார்ட், பிறகு வயது வரிசையில் மகன்கள். சுரங்கத்தில் செம்புத் தண்ணீர் முழங்கால்வரை நிற்கும். அது தோலைத் தின்னும். ஏழாவது ஆள் காலை எடுக்கும்போது தண்ணீர் பச்சையும் சாம்பலுமாகக் கலங்கி, மேலே செத்த தோல் மிதக்கும். நகம் கிடக்கும். புண்ணின் சீழ் எண்ணெய்போலப் படர்ந்திருக்கும். பல் துலக்காத மர்ட்டி அதில் புகையிலை எச்சிலையும் துப்புவான். ஒவ்வொருவரும் காலை நீட்ட, கோணித் துணியால் துடைத்துவிடுவது என் வேலை. அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் என் வேலை.

கொட்டியே ஆக வேண்டும். அயர்லாந்தில் ஹனோராவின் ஊரில் அது சட்டம் மாதிரி. வீட்டார் தூங்கப் போகும்முன் கால் கழுவிய தண்ணீர் வாசலைத் தாண்டிவிட வேண்டும். உள்ளே இருந்தால், வெளியே நிற்பவர்களுக்குக் கதவு திறந்துகொள்ளும். தாழ்ப்பாள் போட்டாலும் திறக்கும். யார் வெளியே நிற்பவர்கள் என்று கேட்டால் ஹனோரா சிலுவை போட்டுக்கொள்வாள், பதில் சொல்ல மாட்டாள்.

முந்தின வாரம் பனியில் வழுக்கி விழுந்து அந்தத் தண்ணீர் முழுதும் என் தலையில் கொட்டியது. வாய்க்குள்ளும் போனது. அந்த உப்பும் இரும்புமான ருசி மூன்று நாள் நாக்கை விட்டுப் போகவில்லை. மாலையில் லோனி வீட்டு மகள் பெக் என் தலையிலிருந்து ஒரு கால் நகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீடே சிரித்தது. எனக்கு வாந்தி வந்தது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கொட்டவில்லை.

செம்பு பிரிக்க ஊரில் எரிக்கும் தாதுக் குவியல்களிலிருந்து வந்த புகை அன்று தெருவை மூடியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. பகலிலேயே விளக்கு ஏற்றியிருந்தோம். எனக்கு இருமல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. வாசல்படியில் பனி கண்ணாடியாக உறைந்து கிடந்தது. தொட்டியைப் பார்த்தேன். கோழி இறகு ஊறிய மாதிரி ஏதோ ஒன்று அதில் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளித் திரையை இழுத்துவிட்டேன்.

மேலே இருந்து ஹனோரா கேட்டாள்.

"டாம்சின்! தண்ணியக் கொட்டிட்டியாடி?"

"கொட்டிட்டேம்மா."

"ஓடிப்போனவன் மக, எதைத்தான் ஒழுங்கா செய்வா? போய்ப் பாரும்மா" என்றான் மர்ட்டி.

"சும்மா படுண்ணே. அவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றான் கான். ஆறு பேரில் இளையவன். அந்த வீட்டில் அப்படி வாய்விட்டுச் சொன்னவன் அவன் ஒருவன்தான். அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். ஏதாவது தப்புச் செய்து, இவள் நமக்கு வேண்டாம் என்று ஹெலனா நகரத்து அனாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று.

9.15. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஹனோராவும் கைக்குழந்தையோடு கண் அயர்ந்தாள். மாடியில் ஏழு குறட்டை. நான் அடுப்படியில் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.20. குறட்டைகள் நின்றன. ஒவ்வொன்றாக அல்ல. எல்லாம் சேர்ந்து.

11.35. நாற்றம் வந்தது. முதலில் ரொட்டி தீய்கிறது என்று நினைத்தேன். இல்லை. பழைய செம்புக் காசை வாயில் போட்ட மாதிரி... அதோடு கிணற்றில் செத்த எலி.

11.40. வாசல் தாழ்ப்பாள் தானாக மேலே எழுந்தது.

டக்.

கதவு திறந்தது. புகை உள்ளே வந்தது. அதன் பின்னால் ஓர் ஆள் வந்தார். சுரங்கத் தொப்பி. குனிந்த தலை. முகம் தெரியவில்லை. வேலையிலிருந்து யாரோ வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்...

ஆனால் பூட்ஸ் இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கால்.

சதக்... சதக்... சதக்...

திரையை விலக்கினார். தொட்டியை இழுத்தார். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தார். அடுப்பு எரிந்தும் தண்ணீரின்மேல் மெல்லிய பனி உறைந்திருந்தது. அதை உடைத்துக்கொண்டு இரண்டு கால்களும் உள்ளே போயின.

ப்ளக்.

பெருமூச்சு விட்டார். நீண்ட பெருமூச்சு. அந்த மூச்சில்தான் எலி நாற்றம் இருந்தது.

நான் கத்தவில்லை. கத்தினால் ஹனோரா வருவாள். தொட்டியைப் பார்ப்பாள். பொய் தெரிந்துபோகும். பேயைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

11.43. இடது காலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

லோனிகள் நீட்டுவது போலவே.

கை தானாகக் கோணித் துணியை எடுத்தது. பழக்க தோஷம். குனிந்தேன்.

பச்சை. களிம்பு ஏறிய பச்சை. வீங்கியிருந்தது. பாதத்தைப் பிடித்தேன். என் விரல் உள்ளே இறங்கியது.

துடைத்தேன்.

அவித்த உருளைக்கிழங்கின் தோல்போல... உரிந்து வந்தது. துணியோடு வந்தது. என் கையோடும் வந்தது. அடியில் வெள்ளையாக இருந்தது.

விரல் இடுக்குகளில் மண். அதையும் துடைத்தேன்.



இடது கால் கீழே இறங்கியது.

வலது காலை நீட்டினார்.

என்னால் முடியவில்லை.

துணியைத் தூக்கி அவர் மடியில் எறிந்தேன். அழுகை, கோபம், அருவருப்பு, எல்லாம் ஒன்றாக வந்தது.

"சீ! போ! நான் லோனி வீட்டுப் பொண்ணு. உனக்கு எதுக்குத் துடைக்கணும்? நான் என்ன உன் மகளா?"

கால் அந்தரத்தில் நின்றது.



பிறகு காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி."

அவ்வளவுதான் சொன்னார்.

நான் தொட்டியை இழுத்தேன். தண்ணீர் என் பாவாடையில் தளும்பியது. வாசலில் கவிழ்த்தேன்.

திரும்பினேன்.

பெஞ்சு காலி.

மேலே ஏழு குறட்டைகளும் மறுபடி கேட்டன. கடிகாரத்தில் 11.46.

தரையில் பச்சைத் தடங்கள். வாசலிலிருந்து பெஞ்சு வரை இரண்டு காலின் தடம். பெஞ்சிலிருந்து வாசலுக்கு ஒரு காலின் தடம்தான். வலது.

ஹனோரா இறங்கி வந்தாள். தரையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் பச்சை.

"யாருடி வந்தது?"

"யாரும் இல்லம்மா."

"உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

நான் வாந்தி எடுத்தேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தரையை உப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுநாளிலிருந்து தண்ணீரை அவளே கொட்டினாள். என்னை எங்கும் அனுப்பவில்லை. லோனி வீட்டிலிருந்துதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. பார்ட்தான் கைப்பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போனார்.

1909, மே மாதம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கான் என் வீட்டுக்கு வந்தான். அப்போது அவன் மேஸ்திரி. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றான்.

"டாம்சின், அறுநூறு அடி மட்டத்துல பழைய சுரங்கம் ஒண்ணு தண்ணியில மூழ்கிக் கிடந்துச்சு. இருபத்தாறு வருஷமா. இந்த வாரம் பம்பு வெச்சு இறைச்சோம்."

"அதுக்கு?"

"உள்ள ஒருத்தர் இருந்தாரு. சாப்பாட்டு டப்பா மூடியில ட்ரெகியர்னு கீறியிருக்கு."

அது என்னைப் பெற்றவரின் குடும்பப் பெயர்.

"ஓடிப்போகலடி உங்கப்பா. அங்கதான் இருந்திருக்காரு. பாறை விழுந்து வழி அடைச்சிருக்கு. நாங்க எல்லாரும் அவருக்கு மேலயே நடந்துக்கிட்டு இருந்திருக்கோம்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான்.

"சொல்லு, கான்."

"செம்புத் தண்ணி உடம்பைக் கெடவிடல. ஆளு முழுக்கப் பச்சையா இருக்காரு. ஆனா... இடது கால் மட்டும் வெள்ளையா இருக்கு. சுத்தமா. விரல் இடுக்குகூட. யாரோ துடைச்சு விட்ட மாதிரி. மருத்துவருக்கே ஒண்ணும் புரியல."

போனேன். சவ அறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முகத்தை முதல்முறை பார்த்தேன். என் மகனின் மூக்கு.

ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் துணியும் கேட்டு வாங்கினேன். வலது காலைப் பிடித்தேன். பொய் சொல்ல மாட்டேன். அப்பா என்று தெரிந்த பிறகும் அருவருப்பாகத்தான் இருந்தது. அந்த அருவருப்பை நினைத்து என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். என் கை சிவந்துபோகும்வரை தேய்த்தேன். பச்சை போகவில்லை. அப்படியே புதைத்தோம்.