மூடிய அறையில் கேட்ட குரல்

வீட்டில் அவரைச் செல்லமாக 'கொலைகாரி' என்பார்கள். மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதுபவர். ஒவ்வொன்றிலும் ஒரு பிணமாவது விழும். நிஜத்தில் விரலில் ரத்தம் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும்.

ஒரு காலையில் தையற்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அச்சகத்தில் வேலை பார்த்த அவள் தம்பி, முதலாளியைக் கொன்றதாக ஆயுள் தண்டனையில் இருந்தான்.

"நான் எழுதறது கட்டுக்கதைம்மா. வக்கீலப் பாரு."

"எல்லாரும் கைய விரிச்சுட்டாங்கக்கா. அவன் குரலக் கேட்டேன்னு ஒருத்தர் சொன்னார், அவ்வளவுதான். அத வச்சே உள்ள தள்ளிட்டாங்க."

சாட்சி சொன்னவர் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். இயந்திரத்தருகே நின்றிருந்தபோது, முதலாளியின் மூடிய அறைக்குள்ளிருந்து அவன் மிரட்டியது காதில் விழுந்ததாம். கல்யாணப் பத்திரிகை அடிக்க விலை கேட்பதுபோல எழுத்தாளர் அங்கே போனார். இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விலையைக் கேட்கவே இயந்திரக்காரரின் காதருகில் கத்த வேண்டியிருந்தது. எழுத்தாளருக்குப் பொறி தட்டியது.

மறுநாள் தையற்காரியையும் கூட்டிப் போனார். இயந்திரக்காரர் திரும்பி நின்ற நேரம் பார்த்து அவள் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அன்னிக்கும் மிஷின் இப்படித்தான் ஓடிச்சா?" எழுத்தாளர் கத்தினார்.

"ஆமாம்மா. ஏன்?"

"உள்ள ஒரு பொண்ணு தொண்ட கிழியக் கத்திட்டு இருக்கா. என்ன சொல்றா, சொல்லுங்க."

இயந்திரக்காரர் கதவைப் பார்த்தார். இயந்திரச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போனது.

அதே சமயம் வாசலில் நிழல் விழுந்தது. செத்துப்போனவரின் மைத்துனர்; இப்போது அச்சகம் அவர் கையில். "யாரும்மா நீ? மிஷின நிறுத்துய்யா!"

இயந்திரம் நின்றது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அழுகுரல் தெளிவாக வந்தது: "என் தம்பி கொல்லல! என் தம்பி கொல்லல!"

மைத்துனர் ஷட்டரைச் சரசரவென்று பாதிக்கு இறக்கினார். எழுத்தாளர் இப்படி எத்தனையோ காட்சி எழுதியிருக்கிறார்; கால் இப்படி நடுங்கும் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

"ஷட்டர விடுங்கய்யா" என்றார் இயந்திரக்காரர். "நீங்க சொல்லச் சொன்னத அன்னிக்குச் சொன்னேன். புள்ளகுட்டிக்காரன், வேல போயிடும்னு பயந்தேன். இனிமே என்னால முடியாது."

மேல்முறையீட்டில் அவர் நீதிபதி முன் அதையே சொன்னார். தம்பி விடுதலையானான். பொய்ச்சாட்சிக்கு அவர் சிறை போனார். மைத்துனரைப் போலீஸ் பலமுறை விசாரித்தது. கொலையைச் செய்தது யாரென்று நிரூபிக்க எதுவும் சிக்கவில்லை.

வெளியே வந்த தம்பி எழுத்தாளர் வீட்டில், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"சந்தேகம் இருக்குப்பா. சந்தேகத்த வச்சுத்தானே உன்னையும் உள்ள தள்ளுனாங்க."

அவன் தலையாட்டினான். பிறகு மெல்ல, இன்னொரு வாய் தண்ணீர் கேட்டான்.