விடாமல் அடிக்கும் மணி

ஆளுயரத்துக்கும் மேலே நின்ற ஆர்கனின் ஈயக் குழாயில் அம்மாவின் உள்ளங்கை பதிந்திருந்தது. மறு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. மலாக்காவின் பழைய மாதா கோயிலில், ஆர்கன் இருந்த மாடியில் நின்றோம். எனக்கு ஏழு வயது.

மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை விட்டுவிட்டு அடித்தால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். விடாமல் அடித்தால் துப்பாக்கிச் சூடு; தரையில் குப்புறப் படுக்க வேண்டும். ஒரு காலை அது விடாமல் அடித்தது. பால் வெட்டப் போன அப்பா திரும்பவில்லை. மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் சித்தி வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னைக் கிணற்றடிக்குக்கூட மணிக்கட்டைப் பிடித்தே இழுத்துப் போவார். பள்ளிக்கு அனுப்பவே மறுத்துவிட்டார். பள்ளியில் கற்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர் வீடு தேடி வந்தார். “பள்ளிக்கூடம் இருக்கட்டும். ஞாயிறு காலமை நான் ஆர்கன் வாசிக்கிறன், கேக்க வாங்கோ” என்றார். அதற்கு மட்டும் அம்மா இசைந்தார்.

அந்த ஞாயிறு கோயிலுக்குள் நுழைந்ததும் கோபுர மணிகள் விடாமல் அடிக்கத் தொடங்கின. அம்மா என்னைக் கருங்கல் தரையில் தள்ளி, மேலே விழுந்து மூடிக்கொண்டார். பக்கத்து வரிசைக் கிழவி எட்டிப் பார்த்தார். “மணிதானே லா. கூரையா விழுந்துச்சு?” சிலர் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஆர்கன் ஒலி எழுந்தது. காதால் அல்ல, கல்வழியாக, விலா எலும்புவழியாகக் கேட்டேன். என்மேல் கிடந்த அம்மாவின் நடுக்கம் அந்தப் பெரிய அதிர்வுக்குள் கரைந்து காணாமல் போனது. அவ்வளவு பெரிய ஒன்றின் அடியில் அதற்குமுன் நான் இருந்ததில்லை.

பூசை முடிந்து டீச்சர் எங்களை மாடிக்கு அழைத்துப் போய், அம்மாவின் கையைக் குழாயில் வைத்துவிட்டுக் கட்டையை அழுத்தினார்.

“உசுரு இருக்கு டீச்சர் இதுக்கு,” என்றார் அம்மா. பிறகு, “கீழ விடாம அடிச்சாங்களே, படுக்கச் சொல்லியா?”

“இல்லை அக்கா. எழும்பி வரச் சொல்லி.”

அம்மா குழாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள, என் மணிக்கட்டை விட்டார். மறுநாள் பள்ளி வாசல்வரை வந்து, வாசலோடு நின்றுகொண்டார்.

இன்று என் மகள் படிக்கக் கோலாலம்பூர் போகிறாள். கதவு அறைந்து சாத்தினால் இன்றும் என் கண் தரையைத்தான் தேடும். போகும் வழியில் கோயிலைக் காட்ட அழைத்துவந்தேன். ஆர்கன் மாடியில் நிற்கும்போது மணிகள் அடித்தன.

“அம்மா, கை வலிக்குது லா. பஸ்ஸு வேற போயிரும்,” என்று என் பிடியில் இருந்த மணிக்கட்டை உருவப் பார்த்தாள் மகள்.

அதே குழாய். தொட்டுப் பார்க்க எனக்கும் இரண்டு கைகள் வேண்டியிருந்தன.