நான் கிழித்த சிவப்பு ஸ்டிக்கர்

போன வருடம் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்ணூர் பக்கம் ஒரு பழைய குடோனில் நடந்தது இது.

ஒரகடத்தில் கார்களுக்குப் பின்பக்கக் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கடைசிப் பரிசோதனை வேலை. கீறல், குமிழி, ஓரத்தில் சில்லு பெயர்ந்தது என்று எதைக் கண்டாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். அப்படி ஒதுக்கியதில் பன்னிரண்டு வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். இயற்பியல் படித்துவிட்டுக் கலைப் பக்கம் போனவர். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடியில் மேல்பரப்பு அழுந்தியும் உள்பக்கம் இழுபட்டும் கிடக்கும். சத்தமில்லாத அந்த இழுபறியை வண்ணமாகக் காட்டப் போகிறேன் என்றார். நான் ட்ரெய்னிங்கில் கேட்டு மறந்த விஷயம். அதை ஒருவர் அவ்வளவு ஆசையாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீறலும் குமிழியும் உள்ளதை மட்டும் கொடுக்கலாம், ஓரம் பெயர்ந்தது கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஓரம் பெயர்ந்தால் அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேடிப் பார்த்ததில் பதினொன்றுதான் தேறியது. ஓரம் பெயர்ந்த ஒன்றை எடுத்து, ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுக் கூடச் சேர்த்துவைத்தேன். காருக்கா போகப் போகிறது, சும்மா சுவரில்தானே மாட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் தன் கண்காட்சிக்கு எங்கள் லைன் ஆட்களையும் குடும்பத்தோடு அழைத்திருந்தார். குடோனுக்குள் நுழைந்ததும் பார்த்தேன், பன்னிரண்டும் கம்பியில் தலைக்கு மேல் தொங்கின. இரு பக்கமும் ஏதோ பிலிம் தாள், மேலே பெரிய பெரிய விளக்குகள். கண்ணாடிக்குள் இருந்த இழுபறி பச்சையும் ஊதாவுமாகத் தரையில் விழுந்தது. படுத்துக்கொண்டு பார்க்கக் கீழே பாய் விரித்திருந்தார்கள். என் நாத்தனார் தன் ஒன்றரை வயதுக் குழந்தையை அதில் கிடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு நேர் மேலே பார்த்தேன். அதே கண்ணாடி. பெயர்ந்த ஓரத்திலேயே கிளிப் மாட்டியிருந்தது. விளக்குச் சூடு வேறு.

குழந்தையைத் தூக்கு என்று நாத்தனாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நாலடி தள்ளிச் சூப்பர்வைசர் நின்றிருந்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார், ஸ்டிக்கர் எங்கே என்று கேட்பார், வேலை போய்விடும். இவ்வளவு நேரம் தொங்கியது இன்னும் கொஞ்ச நேரம் தொங்காதா என்றுகூட நினைத்தேன். குழந்தை தன் வயிற்றில் விழுந்த ஊதா நிறத்தைப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தது.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஓடிப்போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டேன்.

"இன்னா அண்ணி, போட்டோ எடுத்துகினு கீறோம் இல்ல" என்றாள் நாத்தனார்.

"எல்லாரும் வெளிய வாங்க. அந்தக் கண்ணாடி ஓரம் பேந்துகீது. ஸ்டிக்கரக் கிழிச்சிட்டு நான்தான் குட்த்தேன்."

தள்ளி நின்றவர்களுக்குக் கேட்கவில்லை; இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் விளக்கை அணைத்து, ஆட்களை வெளியே அனுப்பினார். அந்தக் கலைஞர் முகம் வெளுத்து நின்றார். கண்ணாடியை மெதுவாக இறக்கி, சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

நாத்தனாருக்குக் கோபம். "வேலக்கிப் போய்ப் போய் உங்களுக்கு எத்தப் பாத்தாலும் ரிஜெக்ட்டாத்தான் தெரியுது" என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வண்டியில் வரும்போது என் கணவரும் கேலி செய்தார். வீணாக வேலையைக் கெடுத்துக்கொண்டோமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

மறுநாள் காலை அந்தக் கலைஞர் போன் செய்தார். யாரும் தொடாமலே சாக்குக்குள் அது வெடித்து, கல் உப்பு மாதிரி குவிந்து கிடந்ததாம்.

கம்பெனியில் விளக்கக் கடிதம் கேட்டார்கள். ஸ்டிக்கரைக் கிழித்தது முதல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றதோடு விட்டார்கள். குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவள் என்று நாத்தனார் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. சூப்பர்வைசரைப் பார்த்தபடி நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தை அவளிடம் சொல்ல இன்றுவரை துணிச்சல் வரவில்லை.