சீட் போல்ட்டில் எடுத்த எர்த்

1. மைதானத்தில்

“பிரேக் மிதிங்க” என்றார் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர். வண்டிக்காரர் ஏழுமலை அண்ணன் மிதித்தார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிரேக் லைட் எரிந்தும் எரியாமலும் இருந்தது. அதோடு இரண்டு பக்க இண்டிகேட்டரும் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்கின. அந்த ஸ்விட்சுகளை யாரும் தொடவே இல்லை.

“என்னங்க இது, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி? வயரிங் யாரு பண்ணது?”

“நான்தான் சார்.”

“எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க?”

முப்பத்து நான்கு வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. “இப்பவே சரி பண்ணிடறேன் சார்” என்றேன்.

“ஒரு மணிக்குள்ள கொண்டு வாங்க, இன்னைக்கே பாக்குறேன். இல்லன்னா வேற தேதி வாங்கிக்கோங்க.” அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மணி பதினொன்று ஐந்து.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஃபால்ட் கிடைக்கும் வரை ஓர் இடத்தில் நிற்க முடியாது. தண்ணீர் குடிக்க மாட்டேன், யார் பேசினாலும் எரிந்து விழுவேன். கடையில் இருந்தால் ஷட்டருக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அன்று அந்த வண்டியைச் சும்மாவே மூன்று தடவை சுற்றினேன். வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சுற்றினால் ஃபால்ட் கிடைக்காது.

2. வண்டியில் படுத்து வருபவர்

என் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை திருவொற்றியூரில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களால் எனக்குப் பாதி வேலை வரும். மீதி வேலையை உப்புக்காற்று கொண்டுவந்து கொடுக்கும். மற்ற ஊரில் பத்து வருஷம் தாங்கும் கனெக்ஷன் எங்கள் பக்கம் மூன்று வருஷத்தில் பச்சை பூத்துப் பொடிந்துவிடும்.

ஏழுமலை அண்ணன் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். கடலை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவரிடம் ஒரு பழைய டீசல் ஸ்டேஷன் வேகன். முன்பு மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் ஊறி, பின்பக்க வயரிங்கைத் தின்று தீர்த்திருந்தது. ஹெட்லைட் ஒன்று மங்கல், இன்னொன்று அவுட். பின்சீட்டில் ரெக்ஸின் கிழிந்து ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்தது.

இந்தத் தகரத்தை எடைக்குப் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். அண்ணன் என்னை முறைத்தார்.

“தனம் எதுல போவா? நீ தூக்கினு போறியா?”

தனம் அண்ணி அவருடைய மனைவி. வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்கு நடுவில் வழுக்கி விழுந்து இடுப்பும் முறிந்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் வலி உயிரை எடுக்கும், படுத்துத்தான் போக வேண்டும். அந்த வேகனில் பின்சீட்டு முதுகைப் பின்னால் சாய்த்தால் டிக்கி வரை ஒரே மட்டமாக வரும். இடையில் வண்டி ரிப்பேரான ஒரு நாள் ஆட்டோவில் போய்விட்டு வந்து, “இன்னொரு தபா அதுல ஏத்துனா நா டயாலிசிஸே வாணாம்னு வூட்ல படுத்துக்குவேன்” என்று சொல்லிவிட்டார். அண்ணி சொன்னால் சொன்னதுதான்.

ஆர்.சி. அந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. மைதானத்தில் காட்ட வேண்டும், லைட், வயரிங், சீட் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆர்.சி. போன வண்டியை எண்ணூர் ரோட்டில் எடுத்தால் முதல் சிக்னலிலேயே ஓரங்கட்டுவார்கள். ஆகவே வண்டி பாஸ் ஆவதும் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போவதும் எங்களுக்கு ஒரே விஷயம்தான்.

3. நான் செய்த வேலை

முன்பக்கம் நன்றாகவே செய்தேன். ஹெட்லைட்டுகள் மங்காமல் எரிய ரிலே போட்டேன். பின்னால் பழைய வயர் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். அதற்குப் பிறகு சோம்பல் வந்துவிட்டது.

எந்த லைட்டுக்கும் கரண்ட் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். திரும்பி வரும் வழிதான் எர்த். வண்டியின் பாடியே எர்த் என்பதால் பக்கத்தில் இருக்கும் நல்ல தகரத்தில் ஒரு போல்ட் போட்டு இறுக்குவோம். இந்த வண்டியில் டெயில் லேம்ப் பக்கத்தில் இருந்த தகரம் விரல் வைத்தால் உதிர்ந்தது. துருவைச் சுரண்டி, புதுத் தகரம் வெல்டிங் வைத்துச் செய்ய அரை நாள் ஆகும். வாசலில் டிரெய்லர்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பின்சீட்டு போல்ட் கண்ணில் பட்டது, நல்ல கனமான போல்ட். எர்த் வயரை அதற்கடியில் கொடுத்து முடுக்கினேன். லைட் பளிச்சென்று எரிந்தது. போய் டிரெய்லரைப் பார்த்தேன்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் சொல்கிற வழக்கம் கிடையாது. எது எங்கே போகிறது என்று கஸ்டமருக்குத் தெரிந்தால் அவரே கையை வைப்பார், இல்லாவிட்டால் அடுத்த கடைக்காரனிடம் சொல்லிச் சிரிப்பார். முப்பத்து நான்கு வருஷமும் நான் அப்படித்தான் இருந்தேன்.

சீட் வேலையைப் பக்கத்துக் கடை சல்மா செய்தாள். அவள் வேலை சுத்தம். தனம் அண்ணியைப் பழைய சீட்டிலேயே படுக்க வைத்து, “எங்கக்கா வலிக்குது? இங்கயா, இன்னும் கீழயா?” என்று கேட்டுக் கேட்டு சாக்பீஸால் கோடு போட்டாள். இடுப்பு படும் இடத்தில் மட்டும் வேறு ஃபோம் வெட்டி வைத்துத் தைத்து, ரெக்ஸின் ஓரத்தைப் பின் அடித்து மூடினாள். அண்ணி அதில் படுத்துப் பார்த்து, “எம் மாமியா வூட்டு மெத்தகூட இப்டி இல்லடி” என்றார்.

4. பழி

மைதானத்துக்குத் திரும்புகிறேன். வேலை முடிந்தால் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அண்ணியையும் கூட்டி வந்திருந்தோம். இரண்டு மணிக்கு அவருடைய முறை, தவறினால் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பின்சீட்டைக் கிளப்பாமல் வயரைப் பார்க்க முடியாது. ஆகவே அண்ணியை இறக்கி, டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். அவர் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை.

எர்த் போயிருக்கிறது என்று முதல் நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்ப வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்புகள் வழியாக ஓடும், அதனால்தான் தொடாத லைட்டெல்லாம் எரிகிறது. இதை நான் எத்தனையோ வண்டியில் பார்த்தவன். ஆனால் என் வேலையில் குறை இருக்கும் என்று மனசு ஒப்பவில்லை. சல்மாவுக்கு போன் போட்டேன்.

“இன்னா சல்மா, கண்ண மூடிகினு பின்னு அடிச்சியா? உன் பின்னு என் வயர குத்திகீது! இங்க வண்டி ஃபெயிலு!”

“ண்ணா, வார்த்தைய அளந்து பேசு. சீட்ட தொடாத. வந்துகினு கீறேன்.”

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். எனக்கு முகமே கொடுக்கவில்லை. தான் தைத்த தையலைத் தானே பிளேடால் அறுத்து, ரெக்ஸினை உரித்துக் காட்டினாள். ஒரு பின்கூட வயர் பக்கம் போகவில்லை. நான் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வோர் அடியாகப் பார்த்தேன். வயர் முழுசாக இருந்தது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

சல்மா வண்டியின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த போல்ட்டு இன்னா நீலமா கீது? நா சீட்டு மாட்டுனப்ப கறுப்பாத்தான இருந்துச்சு?”

குனிந்து பார்த்தேன். போல்ட் தலை, என் எர்த் வயரின் முனை, சுற்றியிருந்த தரை எல்லாம் கெட்டி நீலப் பெயிண்ட்.

“நான்தான் அட்ச்சேன்” என்றார் ஏழுமலை அண்ணன். “நேத்து சாய்ந்தரம். போல்ட்ட கயட்டி, சுத்தமா தொடச்சி, ரெண்டு கோட்டு. படகுக்கு அடிக்கிற பெயிண்ட், உப்பு ஏறாது. இன்ஸ்பெக்டர் பாத்தா நீட்டா இருக்கும்னு…”

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகைக் கரையில் ஏற்றி, இரும்பு தெரிகிற இடத்தையெல்லாம் பெயிண்டால் மூடுவார்கள். கடலுக்குப் போகும் ஆட்கள் இரும்பைக் காப்பாற்றும் விதம் அதுதான். அண்ணன் மனைவிக்காக வண்டியையும் அப்படியே காப்பாற்றிவிட்டார். ஈரப் பெயிண்டில் போல்ட்டை முடுக்கியதில் மரைக்குள்ளும் பெயிண்ட், வயர் முனைக்கு அடியிலும் பெயிண்ட். கரண்ட் எங்கே போகும்?

“அய்யோ, எங் கையாலயே கெடுத்துட்டனா?” என்றார். போல்ட் தலையை நகத்தால் சுரண்டினார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். “பரவால்லண்ணே, உடு” என்றேன், பெரிய மனசுக்காரன் மாதிரி. வெட்கக்கேடு. சல்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரெக்ஸினைத் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள்.

5. சாவி

பெயிண்டைச் சுரண்டி அங்கேயே மறுபடி முடுக்கியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. எனக்கு மனம் வரவில்லை. பையில் இருந்த கனமான கறுப்பு வயரை டெயில் லேம்பிலிருந்து தரையோரமாகவே இழுத்து, நேராக பேட்டரி நெகட்டிவில் கட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். பிரேக் மிதிக்கச் சொன்னார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். எது எரிய வேண்டுமோ அதுதான் எரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

அண்ணியைத் தூக்கிப் படுக்க வைத்தோம். “எத்தினி வருசத்துக்குக் குட்த்தாரு?” என்று கேட்டார்.

“அஞ்சு வருஷம், அண்ணி.”

“அட்ரா சக்க! வண்டிக்கு அஞ்சு வருசம் எழுதிக் குட்த்தாரே, எனக்கு யாரு எழுதிக் குடுப்பா?” என்று சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஏழுமலை அண்ணன் சாவியை என் பக்கம் நீட்டினார். “இந்தா நைனா. நீயே ஓட்டினு போயி ஆஸ்பத்திரில உட்டுடு. அப்பால வண்டிய யாருக்குனா தள்ளி உட்டுடு. இனிமே நா தொட மாட்டேன். இன்னிக்கு லைட்டு, நாளிக்கி எதுல கைய வெச்சு அவள எங்கனா கவுத்துட்டன்னா?”

“அப்ப நாளன்னிக்கு நா எதுல போறது?” என்றார் அண்ணி, படுத்தபடியே.

“ஆட்டோ கீது இல்ல.”

“அப்ப நா போவல. வூட்லயே கீறேன், உட்ரு.”

அவர் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, அலுத்துப்போன குரலில் சொன்னார். இவ்வளவு ஓடி, வண்டியை பாஸ் பண்ணி, கடைசியில் அவரைப் படுக்கையில் தள்ளப்போவது நான் வாய் திறக்காததுதான் என்று புரிந்தது.

“அண்ணே, சாவிய நா வாங்க மாட்டேன். தப்பு உன்னுது இல்ல, என்னுது. சீட்டு போல்ட்ல எர்த்து எடுக்கவே கூடாது, சோம்பேறித்தனத்துல எடுத்தேன். எடுத்தத உன்னாண்ட சொல்லவும் இல்ல. நீ பெயிண்டு அடிக்கலன்னாலும் ரெண்டு மழையில துருப்புடிச்சி அதுவே பூடும்.”

அண்ணன் முகம் சிவந்தது.

“அட பேமானி! காலைலருந்து வாய மூடிகினா கீற? எம் பொண்டாட்டி அந்த நாற்காலில துடிச்சிகினு கீறா, நான்தான் கெடுத்தேன்னு உள்ளுக்குள்ள செத்துகினு கீறேன், நீ ஒண்ணுந் தெரியாதவனாட்டம் வயரு இஸ்துகினு கீற! அந்தப் பொண்ண வேற பேஜாரு பண்ணி வரவெச்ச! நீயெல்லாம் ஒரு மேஸ்திரி, த்தூ!” அதற்கு மேல் சொன்னதை அச்சில் போட முடியாது. படகில் கற்ற பேச்சு.

“யோவ், மீதிய அப்பால திட்டு. மணி ஆவுது” என்றார் அண்ணி.

அண்ணன் நீட்டிய சாவியைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார். கேட் வரை திட்டிக்கொண்டே ஓட்டிப் போனார், அவர் குரலுக்கு மேலே அண்ணியின் சிரிப்பு கேட்டது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு அண்ணி போனில் சொன்னார்.

என்னை ஏற்றிக்கொள்ள யாருக்கும் ஞாபகம் இல்லை. டூல்ஸ் பையோடு சல்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து திருவொற்றியூர் வந்தேன். அவளிடம் மன்னிப்பு கேட்டேன். வழி நெடுக அவளும் என்னைத் திட்டாமல் விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எர்த்தை சீட் போல்ட்டில் எடுக்காதீர்கள். எங்கே எடுத்தீர்களோ அந்த இடத்தை வண்டிக்காரருக்குக் கை வைத்துக் காட்டுங்கள், அவர் அடுத்த கடையில் சொல்லிச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தப்பு உங்களுடையது என்றால், அவர் சாவியை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நான் அவர் நீட்டிய பிறகுதான் சொன்னேன்.