ஆர்யபட்டாள் வாசலில் ஒரு கால்பந்துக் கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன், பெருமாள் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாவதோடு நின்றவன். ஸ்ரீரங்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவன். கால்பந்தைப் பற்றி நான் என்ன எழுதிவிட முடியும் என்று கூச்சம். அதோடு, நடந்தது சன்னதி வாசலில். அதில் ஒரு தப்பும் இருக்கிறது. அந்தப் பயம் வேறு.

என் மகள் காலேஜ் டீமில் கோல்கீப்பர். ஒரு மேட்ச்சில் பாய்ந்து விழுந்ததில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. திருச்சி தில்லை நகரில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. "தினமும் நடக்கணும், கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டணும். படுத்தே இருந்தா கால் இறுகிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவள் நடக்கவில்லை. எங்கள் வீடு அம்மா மண்டபம் சாலையில். கட்டிலில் படுத்தால் ஜன்னல் வழியாக ராஜகோபுரத்தின் மேல்பாதி தெரியும். அதைப் பார்த்தபடியே கிடந்தாள். கோல்கீப்பர் கையுறையை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

நானும் தினமும் காலையில் கேட்பேன். "வாம்மா, மெதுவா நடந்து போய் பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்."

ஒரு நாள் எரிச்சலில் எழுந்து உட்கார்ந்தாள். "சரி, வரேன். ஆனா ஒவ்வொரு வாசல்லயும் உங்களை ஃபுட்பால்ல ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொன்னா தாண்டலாம். தப்பா சொன்னீங்கன்னா அங்கேயே யூ-டர்ன்."

"பாவம்டி உங்கப்பா" என்றாள் என் மனைவி.

"அதனாலதாம்மா கேக்குறேன்."

முதல் நாள் ராஜகோபுரத்தடியில், ஒரு டீமில் எத்தனை பேர் என்று கேட்டாள். பதினொன்று என்றேன், தாண்டினோம். அடுத்த வாசலில், "ஆஃப்சைடுன்னா என்ன?" நான் மேலே இருந்த புறாக்களைப் பார்த்து முழித்தேன். "திரும்புங்க" என்றாள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு திருப்தியைப் பார்த்தேன். தோற்பதற்கென்றே என்னைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று புரிந்தது. நான் எவ்வளவு தூரம் பதில் சொல்கிறேனோ அவ்வளவு தூரம்தான் என் பெண் நடப்பாள்.

கே.கே. நகரிலிருந்து அவளுடைய டீம் பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு என் போனில் ஒரு கேள்வி-பதில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். "அங்கிள், இதுல காலேஜ் ஆட்டம் தனி, புரொஃபஷனல் ஆட்டம் தனி. மொதல்ல காலேஜை முடிங்க, அப்புறம் பெரிய ஆட்டத்துக்குப் போங்க."

கிரைண்டர் ஓட ஓட, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து அந்தப் போனைத் தட்டுவேன். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மாவு வாங்க வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "என்னண்ணே, மாவுல உப்பு போட்டீங்களா, கோல் போட்டீங்களா?" சாயந்திரம் விளக்கேற்றும்போதும் வேண்டுதல் அதுதான். ரெங்கா, அந்த ஆஃப்சைடை மட்டும் என் மண்டையில் ஏற்றிவிடு.

ஏற்றினான். மறுபடி அந்த வாசலில் அவள் கேட்டபோது சொன்னேன்: "சேவிக்க எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தன் மட்டும் நைசா எல்லாரையும் தாண்டி முன்னால போய் நின்னுக்கிட்டு, பட்டர் கையில இருக்குற மாலை இப்ப நம்ம பக்கம் வரும்னு காத்திருக்கான். அவன்தான் ஆஃப்சைடு."

ஆபரேஷனுக்கப்புறம் நடக்க வாங்கிக் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்தாள். பூக்கடைக்காரம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எனக்குத் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் ஒரே விடியற்காலை மாதிரி இருக்கிறது. காவேரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. அப்போதுதான் கழுவிவிட்ட கல். துளசி வாசனை. எங்கோ உள்ளே ஒரு மணி. பக்கத்தில் அவளுடைய கம்பின் டொக், டொக். வெளி வாசல்களில் காலேஜ் கேள்வி, உள் வாசல்களில் பெரிய ஆட்டக் கேள்வி. "போன வருஷம் செமிஃபைனல்ல நான் எந்தப் பக்கம் பாய்ஞ்சு பெனால்டியைப் புடிச்சேன்?" என்றாள் ஒரு நாள். நான் அன்றைக்கு வலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். "உனக்கு இடது, எனக்கும் இடது. உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினாள்.

ரங்கா ரங்கா கோபுரத்தைத் தாண்ட ஒரு வாரம் ஆயிற்று. கருடாழ்வார் சன்னதி வரைக்கும் போய்த் திரும்பிய நாட்கள் எத்தனையோ. பெருமாளுக்கு இவ்வளவு கிட்டே போய், ஒரு பந்துக் கேள்வியில் திரும்பி வருவது எனக்கு வேதனைதான். இருந்தாலும் அவள் நடந்தாளே. நடுவில் எப்போதோ கம்பு வீட்டிலேயே தங்கிவிட்டது.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஆர்யபட்டாள் வாசலுக்கு வந்துவிட்டோம். அதைத் தாண்டினால் தரிசனம்தான். உள்ளே நெய் விளக்கு வெளிச்சம் தண்ணீர் மாதிரி அசைந்தது.

"முதல் முதல்ல உலகக் கோப்பை நடந்த நாடு எதுப்பா?"

போனில் பார்த்த கேள்விதான். பதில் நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. ரெங்கா என்று கண்ணை மூடிக்கொண்டு, "இத்தாலி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் உள்ளே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். "சரிதாம்ப்பா. வாங்க" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் பண்ணின காலையே முதலில் தூக்கி, எனக்கு முன்னால் தாண்டிப் போனாள்.

பெருமாள் சயனத்தில் இருந்தார். பட்டர் தீபத்தைத் திருமுகத்திலிருந்து திருவடிக்குக் கொண்டுபோனார். அவள் திருவடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நகருங்க, நகருங்க" என்ற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

அன்று மத்தியானம் கடையில் போனைத் தட்டினால் அதே கேள்வி வந்தது. இத்தாலியைத் தொட்டேன். சிவப்பு. கீழே பச்சையில் 'உருகுவே' என்று இருந்தது.

கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கோல்கீப்பர் பெண்ணுக்கு அது தெரியாதா? அவளுக்குத் தெரியாத உலகக் கோப்பையா? தெரிந்தேதான் தாண்டினாள். திரும்பிப் போக அவளே வைத்த விளையாட்டில், திரும்ப மனசில்லாமல் போயிருக்கிறது. அவளிடம் நான் கேட்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது அந்தக் கையுறை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறாள். இங்கே சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் என் மைத்துனர் இந்தக் கதையை எடுப்பார். "மச்சான் டாண்ணு 'உருகுவே'ன்னு சொன்னாரு, பொண்ணு அசந்துட்டா" என்பார். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அதற்காகத்தான் கடைசியில் உட்கார்ந்து எழுதினேன்.

இதை நீங்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து என்னைக் கெட்டிக்காரனாக்கிவிடாதீர்கள். நான் இத்தாலி என்றுதான் சொன்னேன். அதைத் திருத்தாமல் சொல்லுங்கள். அதைத் திருத்திவிட்டால், என் பெண் தானாகவே அந்த வாசலைத் தாண்டியது இல்லாமல் போய்விடும்.