யானை வந்த பல்லவி

வவுனியாவில் இசை மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் படிப்பித்தபோது, ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மாணவர் வந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. எதைப் பேசினாலும் வலக்கை தொடையில் தாளம் போடும். தேர்வில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் உரையாற்ற வேண்டும். தவறினால் பட்டம் இல்லை. “நேற்று எங்கள் வீட்டு வளவுக்குள் யானை வந்தது” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதையே மறுபடி கொஞ்சம் இழுத்துச் சொன்னார். மூன்றாம் முறை யானை மேல்ஸ்தாயிக்கு ஏறியது. வகுப்பே தலையாட்டியது. நேரம் முடிந்தது.

“ஏன் நீர் அடுத்த வசனத்துக்குப் போகேல்லை?”

“பல்லவியை ஒருக்காப் பாடிப்போட்டு எப்பிடி மிஸ் விடுறது?”

இன்னொரு நாள் வந்து மறுபடி உரையாற்றச் சொன்னேன். மற்றவர்களின் உரைகளெல்லாம் மறந்துவிட்டன. குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போதுகூட அந்த யானைதான் வாயில் வந்துவிடுகிறது. அது வளவைவிட்டுப் போனதா என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. மறுமுறையும் அவர் பல்லவியைத் தாண்டவில்லை.