கூண்டு ஏறிய நேரம்

கெனோல் பயத்தில் உறைந்துபோய் இரண்டு மணி நேரம் கழித்தே புறாவைப் பறக்கவிட்டான், அதனால்தான் பறக்கும் படகை ஓட்டிய லூசியன் கடலோடு போனான் என்று எங்கள் துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் பிரான்சின் இந்தப் பிரெத்தோன் கரைக்கு வந்தது போருக்குப் பின்பு. தபால் நிலையத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. ஆகவே யாரோ யாரிடமோ சொன்னதாகத்தான் நானும் கேட்டேன். அயலூர்க்காரி என்பதால் எதற்கும் குறுக்கே பேசியதில்லை. பதினேழு வருடமாக இதை மறுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் ஒமேர்.

ஒமேர் வடக்கே, பெல்ஜிய எல்லையோரத்து நெசவாலை ஊர்க்காரர். ஞாயிறு என்றால் அங்கே பாதிப் பேர் பூசைக்குப் போவார்கள், மீதிப் பேர் புறாப் பந்தயத்துக்கு. போரில் கடற்படை அவரை எங்கள் கழிமுகத்து விமானத் தளத்தில் புறாக்களுக்குப் பொறுப்பாக்கியது. அங்கிருந்து பறக்கும் படகுகள் நீர்மூழ்கிகளைத் தேடிப் போகும். மெல்லிய பலகையில் செய்த தோணி, அதற்கு இறக்கைகள். ஓட்டுபவன் ஒருவன், பக்கத்தில் கடலைக் கண்காணிப்பவன் ஒருவன், பிரம்புக்கூடையில் ஒரு புறா. நடுக்கடலில் இறங்க நேர்ந்தால் அந்தப் புறாதான் அவர்களுக்கு வாய்.

பறக்கும் நாளில் காலையில் தீனி கிடையாது. பசித்த புறா நேரே கூண்டுக்குள் வரும். வயிறு நிறைந்தது கூரைமேல் உட்கார்ந்து இறகு கோதும். ஒமேருக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்த பாடம். 1917 மார்ச்சில் ஒருநாள் விடியும்போதே மூடுபனி. இன்று யாரும் பறக்கப்போவதில்லை என்று தகவல் வந்தது. ஒமேர் பட்டாணியைத் தாராளமாக இறைத்தார். ஒன்பது மணிக்குக் காற்று எழுந்து பனி விலகியது. உடனே கிளம்பச்சொல்லி உத்தரவு. கூடையை நீட்டும்போது, லூசியனோடு கண்காணிப்பவனாகப் போகும் கெனோலிடம் சொல்ல வாயெடுத்தார். மேலதிகாரி பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

பத்தே முக்காலுக்குப் புறா திரும்பியது. கொட்டகை முகட்டில் உட்கார்ந்தது. காலில் கட்டிய சிமிழ் வெயிலில் மின்னியது. துரத்தினால் பறந்துவிடும். ஒமேர் தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கிக் கெஞ்சினார். கீழே போன இயந்திரக்காரனுக்கு அது எந்தப் புறா என்று தெரியாது; கேலி பேசினான்.

"என்னப்பா ஒமேரு, மாப்பிள்ள முறுக்கிக்கிட்டாரா? குழல்காரன வச்சு அழைச்சாத்தான் எறங்குவாராம்."

பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே நுழைந்தது. சீட்டில் கெனோலின் கையெழுத்து: இயந்திரம் நின்றுவிட்டது, கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே நாலு மைல், கிழக்கே இழுக்கிறது, மணி 10.20. சீட்டைக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ஒமேர் 12.30 என்று எழுதினார். பொய்யில்லை. கூரைமேல் இருப்பது வந்த புறா ஆகாது என்பது பந்தய வழக்கம். கூண்டு ஏறிய நேரம்தான் கணக்கு.

மாலையில் மீட்புப் படகு போனபோது தோணி கவிழ்ந்து கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு கெனோல் மட்டும் இருந்தான். தூக்கி ஏற்றியவர்களிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அர மணிக்கு முன்னாடிதான் கைய விட்டுட்டான்."

அரை மணியில் வரவேண்டிய புறாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகாது, கெனோல்தான் தாமதமாக விட்டுவிட்டு நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறான் என்று விசாரணையில் முடிவுகட்டினார்கள். அவர்கள் தண்டனை கொடுக்கவில்லை. ஊர் கொடுத்தது. எந்த மீன்படகும் அவனைச் சேர்த்துக்கொள்ளாமல் லெ ஆவ்ர் துறைமுக நகருக்குப் பிழைக்கப் போனான். ஒமேர் இங்கேயே பெண்ணெடுத்து, ஆப்பிள் மது ஆலையில் பீப்பாய் உருட்டினார். அப்புறம் ஒரு புறாகூட வளர்க்கவில்லை.

போன வாரம் கெனோலின் தாயை அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவன் கையை ஒருவரும் பற்றவில்லை. லூசியனின் தங்கை அவனைக் கண்டு வழி மாறி நடந்தாள். ஒமேரும் தொப்பியைக் கழற்றியதோடு சரி.

இன்று காலை அவர் என் சன்னலுக்கு வந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கையில் கெனோல் தங்கியிருக்கும் விடுதியின் எண்.

"மொதல்ல அவன்கிட்ட சொல்லணும்மா. அப்புறம் லூசியன் தங்கச்சிகிட்ட."

கடிதம் எழுதலாமே என்றேன்.

"எழுதினா மறுபடியும் தப்பிச்சுக்குவேன். அன்னிக்கும் எழுதித்தானே தப்பிச்சேன்."

இணைப்புக் கொடுத்தேன். லெ ஆவ்ரில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது. அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். துண்டிக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.